உடைந்த உடலுக்குள் ஓடும் கடிகாரங்கள்: மோட்டார் சைக்கிள் விபத்தும் அதிலிருந்து மீள்வதும்

2020 ஜூலை 19 அன்று ஸ்பெயினின் ஹெரெஸ் பந்தயத் தடத்தில் விழுந்த மோட்டார் சைக்கிள் பந்தய வீரர் மார்க் மார்க்கேஸுக்கு வலது மேற்கை எலும்பு முறிந்தது. இரண்டு நாளில் தகடு பொருத்தி அறுவை சிகிச்சை செய்தார்கள். அடுத்த நான்கே நாளில், அதே தடத்தில் அடுத்த பந்தயத்துக்கான பயிற்சியில் ஓட்டிப் பார்த்து, கை ஒத்துழைக்காததால் விலகிக்கொண்டார். ஆகஸ்ட் தொடக்கத்தில், வீட்டில் ஒரு ஜன்னல் கதவைத் திறக்கும்போது, கைக்குள் இருந்த தகடு உடைந்துபோனது. உடனே இரண்டாவது அறுவை சிகிச்சை, டிசம்பரில் மூன்றாவது. எலும்பு அதுவரை கூடவேயில்லை என்பதும் உள்ளே கிருமித்தொற்று இருந்தது என்பதும் அப்போதுதான் தெரிந்தன. 2021 ஏப்ரலில் பந்தயத்துக்குத் திரும்பினார். ஆனால் எலும்பு திருகிய நிலையில் கூடியிருந்ததால், 2022இல் அதை மறுபடி வெட்டித் திருப்பிப் பொருத்த வேண்டியிருந்தது.

அவருக்கு மருத்துவ வசதியோ மன உறுதியோ குறைவாக இருந்திருக்க முடியாது. எலும்புக்குத் தேவையான காலம்தான் கிடைக்கவில்லை. விபத்தில் அடிபட்ட உடலுக்குள் ஒரே நேரத்தில் பல கடிகாரங்கள் ஓடத் தொடங்குகின்றன. மூளை அடிபடுவது மில்லி விநாடிகளில். ரத்தம் வடிவது நிமிடங்களில். தசை சாவது மணிக்கணக்கில். எலும்பு கூடுவது மாதக்கணக்கில். நரம்பு வளர்வது ஆண்டுக்கணக்கில். உயிர் பிழைப்பதிலும் பிறகு நலம் பெறுவதிலும் நம் கையில் இருக்கும் பகுதி பெரும்பாலும் இதுதான்: எந்தக் கடிகாரத்துக்கு அவசரப்பட வேண்டும், எதற்குப் பொறுத்திருக்க வேண்டும் என்று பிரித்தறிவது. பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். அவசரப்பட வேண்டிய தலைவலியையும் மரத்துப்போன கையையும் பொறுத்துக்கொண்டு, பொறுக்க வேண்டிய எலும்பை அவசரப்படுத்துகிறார்கள்.

முதல் கடிகாரம் ஓடி முடிவதை யாரும் பார்ப்பதில்லை. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவரின் உடலில் இருக்கும் இயக்க ஆற்றல், ஏறத்தாழ 14 மீட்டர் உயரத்திலிருந்து கீழே விழுபவர் தரையைத் தொடும்போது இருக்கும் ஆற்றலுக்குச் சமம். ஆற்றல் வேகத்தின் இருமடிப்படி கூடுவதால், வேகம் 80 ஆகும்போது அந்த உயரம் 25 மீட்டராகிவிடுகிறது. அவ்வளவு ஆற்றலோடு விழுந்தும் சிராய்ப்போடு எழுந்து நடப்பவர்கள் இருக்கிறார்கள் என்றால், அதற்குக் காரணம் அவர்கள் எதிலும் மோதாமல் சாலையில் சறுக்கிச் சென்றதுதான். பல மீட்டர் தூரம் உராய்ந்து செல்லும்போது ஆற்றல் சிறிது சிறிதாகக் கரைகிறது. அதன் விலையை உடுப்பும் தோலும் கொடுக்கின்றன. அதே உடல் ஒரு கம்பத்திலோ சாலைத் தடுப்பிலோ மோதினால் அத்தனை ஆற்றலும் சில அங்குல தூரத்துக்குள் தீர்ந்தாக வேண்டும். ஆகவே விழுந்த வேகத்தைக் காட்டிலும், விழுந்தவரை எது நிறுத்தியது என்பதே காயத்தின் தன்மையை அதிகம் தீர்மானிக்கிறது. மருத்துவமனையில் ‘எப்படி விழுந்தார், எதில் மோதினார்’ என்று திரும்பத் திரும்பக் கேட்பதும் இதனால்தான். உடன் வந்தவர்கள் இந்தக் கேள்வியை விசாரணை என்று எடுத்துக்கொண்டு மழுப்புவது நோயாளிக்குத்தான் கேடு.

தலைக்கவசம் வேலை செய்வதும் இதே கணக்கில்தான். வெளியே தெரியும் கடினமான ஓடு ஒரு பாதிதான். உள்ளே, தெர்மாகோலின் அடர்த்தியான வகை ஒன்றாலான இரண்டு மூன்று சென்டிமீட்டர் படலம் இருக்கிறது. மோதும்போது அது நசுங்குகிறது. நசுங்கும் அந்தச் சில மில்லி விநாடிகளே, மண்டையோட்டுக்குள் மூளை திடீரென்று நின்று மோதுவதைச் சற்றே நீட்டித்துத் தணிக்கின்றன. நசுங்கிய படலம் பழைய நிலைக்குத் திரும்பாது. ஆகையால், வெளியே கீறல்கூடத் தெரியாவிட்டாலும், ஒருமுறை அடிபட்ட தலைக்கவசம் தன் வேலையை முடித்துவிட்டது என்றே கொள்ள வேண்டும்.

இந்த அறிவுக்கு ஒரு வரலாறு உண்டு. 1935 மே மாதம், முதல் உலகப்போரின் அரேபியப் போர்முனையால் புகழ்பெற்ற டி. இ. லாரன்ஸ், இங்கிலாந்தின் டார்செட் பகுதியில், சைக்கிளில் வந்த இரண்டு சிறுவர்கள் மீது மோதாமல் தவிர்க்கும் முயற்சியில் தன் மோட்டார் சைக்கிளிலிருந்து தூக்கியெறியப்பட்டார். தலையில் எதுவும் அணிந்திருக்கவில்லை. ஆறு நாள் நினைவு திரும்பாமலே இருந்து இறந்தார். அவரைப் பார்க்க அழைக்கப்பட்ட மருத்துவர்களுள் ஹியூ கெய்ர்ன்ஸ் என்ற நரம்பியல் அறுவை மருத்துவரும் ஒருவர். அதன்பின் மோட்டார் சைக்கிள் ஓட்டிகளின் தலைக்காயங்களை ஆராய்ந்த அவர், 1941இல் தலைக்கவசத்தின் பயனை விளக்கும் கட்டுரையை வெளியிட்டார். அதே ஆண்டு பிரிட்டிஷ் ராணுவம் தன் மோட்டார் சைக்கிள் ஓட்டிகளுக்குத் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கியது. பொதுமக்களுக்கான சட்டம் 1973 வரை காத்திருந்தது. பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2008ஆம் ஆண்டின் காக்ரேன் மதிப்பாய்வு, தலைக்கவசம் இறப்பு அபாயத்தை 42 விழுக்காடும் தலைக்காய அபாயத்தை 69 விழுக்காடும் குறைக்கிறது என்று கணக்கிட்டது. தாடை வாரை மாட்டாமல் தலையில் வெறுமனே கவிழ்த்து வைத்த தலைக்கவசத்துக்கு இந்தக் கணக்கு பொருந்தாது; தலை தரையைத் தொடுமுன்பே அது கழன்று பறந்துவிடும்.

அடுத்த கடிகாரம் மூச்சுக்கும் ரத்தத்துக்கும் உரியது. ஆளைத் தூக்கிச் சாலையோரம் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுப்பது இயல்பாக எழும் இரக்கம். ஆனால் கழுத்தெலும்பு முறிந்திருக்கலாம், சற்று நேரத்தில் மயக்க மருந்து கொடுக்க வேண்டியும் வரலாம் என்பதால் இரண்டுமே தவறு. மூச்சு சீராக இருந்தால் தலைக்கவசத்தைக் கழற்றாமல் விடுவதே நல்லது. ரத்தமோ வாந்தியோ அடைத்து மூச்சு திணறினால், அல்லது மூச்சே நின்றிருந்தால், கழற்றித்தான் ஆக வேண்டும். அப்போதும் ஒருவர் தலையையும் கழுத்தையும் அசையாமல் தாங்கிக்கொள்ள, மற்றவர் வாரை அவிழ்த்து மெதுவாக உருவ வேண்டும். பீறிடும் ரத்தத்தைத் துணியை வைத்து இடைவிடாமல் அழுத்துவதற்கு எந்தப் பயிற்சியும் தேவையில்லை.

வெளியே சொட்டுகூடத் தெரியாத ரத்தப்போக்கு இதைவிட ஆபத்தானது. பெரியவர் ஒருவரின் உடலில் ஏறத்தாழ ஐந்து லிட்டர் ரத்தம் இருக்கிறது. தொடை எலும்பு ஒன்று முறிந்தால், தோல் கிழியாமலே, ஒன்று முதல் ஒன்றரை லிட்டர் வரை அந்தத் தொடைக்குள்ளேயே தேங்கிவிடும். நேருக்கு நேர் மோதும்போது ஓட்டுபவரின் உடல் முன்னோக்கிப் பாய்ந்து பெட்ரோல் டாங்கில் மோதி, இடுப்பெலும்பு வளையம் புத்தகம் விரிவதுபோல் பிளந்துகொள்வதுண்டு. அங்கே தேங்கும் ரத்தம் இன்னும் அதிகம். இடுப்பைச் சுற்றி இறுக்கிக் கட்டும் பட்டை அந்தப் பிளவை மூடி ரத்தப்போக்கைக் குறைக்கிறது. 2010இல் வெளியான கிராஷ்-2 ஆய்வு, 40 நாடுகளில் 20,000க்கும் மேற்பட்ட காயமடைந்தோரிடம், ரத்தம் உறைந்த கட்டி கரையாமல் காக்கும் டிரானெக்ஸாமிக் அமிலம் என்ற விலை குறைந்த மருந்தைச் சோதித்தது. காயம்பட்ட மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தால் இந்த மருந்து உயிர் காக்கிறது. அதன்பின் கொடுத்தால் ரத்தப்போக்கால் நேரும் சாவு குறைவதற்குப் பதிலாகக் கூடுகிறது. ஒரே மருந்து, ஒரே நோயாளி. வேறுபடுவது கடிகாரம் மட்டுமே.

அவசரப் பிரிவில் உறவினர்களைக் கலங்க வைக்கும் ஒரு காட்சி உண்டு. கால் கோணலாகத் திரும்பிக் கிடக்கிறது, மருத்துவரோ அதைப் பார்க்காமல் வாயைத் திறந்து பார்ப்பதிலும் மார்பில் காது வைப்பதிலும் வயிற்றை அழுத்துவதிலும் நேரத்தைச் செலவிடுகிறார். இந்த வரிசை ஒரு தனிமனிதரின் துயரத்திலிருந்து பிறந்தது. 1976இல் ஜேம்ஸ் ஸ்டைனர் என்ற எலும்பு மருத்துவர் ஓட்டிவந்த சிறு விமானம் அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் ஒரு வயலில் விழுந்தது. மனைவி அங்கேயே இறந்தார், பிள்ளைகள் காயமடைந்தனர். அவர்களுக்குக் கிடைத்த முதல் சிகிச்சை எவ்வளவு ஒழுங்கற்றது என்பதை நேரில் கண்ட அவர் தொடங்கிவைத்த முயற்சியே, மூச்சுப்பாதை, சுவாசம், ரத்த ஓட்டம், நரம்பு நிலை, பிறகு உடல் முழுவதும் என்று, எது முதலில் கொல்லுமோ அதை முதலில் பார்க்கும் முறையாக உலகெங்கும் பரவியது. கோணிய காலுக்கு முறை வரும். அது சற்றுப் பொறுக்கும்.

உடல் அந்த முதல் சுற்றைக் கடந்த பிறகு வரும் மணிநேரங்களில்தான் ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்ற சொல் ஆளை ஏமாற்றுகிறது. அதிர்ச்சியில் சுரக்கும் அட்ரினலின் வலியை மறைத்துவிடுவதால், முறிந்த எலும்போடு நடந்தவர்களும் உண்டு. பொட்டுப் பகுதியின் மெல்லிய எலும்பு விரிசல் விட்டு அதனடியில் ஓடும் தமனி கிழிந்தால், சிறிது நேரம் மயங்கி, பிறகு தெளிந்து, எல்லோரிடமும் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர், சில மணி நேரத்தில் தலைவலி கூடி, வாந்தி எடுத்து, நினைவிழக்கிறார். அந்தத் தெளிவான இடைவேளை முழுவதும் மண்டையோட்டுக்கும் மூளையைச் சுற்றிய உறைக்கும் நடுவே ரத்தம் சேர்ந்துகொண்டிருக்கிறது. உரிய நேரத்தில் கண்டுபிடித்து வெளியேற்றினால் பெரும்பாலும் முழுக் குணம் கிடைக்கக்கூடிய நிலை இது. தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்று விட்டுவிட்டால் கொன்றுவிடும். மண்ணீரலில் ஏற்பட்ட கீறல் சில நாள் கழித்து வெடிப்பதும் உண்டு.

காலில் வருவது வேறொரு வகை அவசரம். முழங்காலுக்குக் கீழே தசைகள் விரியாத உறைகளுக்குள் அடைபட்டிருக்கின்றன. எலும்பு முறிந்து உள்ளே வீக்கம் கூடும்போது, அந்த உறைக்குள் அழுத்தம் ஏறி, தசைக்கும் நரம்புக்கும் ரத்தம் செல்வது நின்றுவிடுகிறது. முறிவுக்குப் பொருந்தாத அளவுக்குக் கடுமையான வலி, ஊசி போட்டும் அடங்காத வலி, கால் விரலை மற்றவர் மெல்ல நீட்டினாலே துடிக்க வைக்கும் வலி ஆகியவை இதன் அடையாளம். பாதத்தில் நாடித்துடிப்பு இருக்கிறதே என்று ஆறுதல் கொள்ள முடியாது. நாடி கடைசியில்தான் போகும். ஏறத்தாழ ஆறு மணி நேரத்தில் தசை மீளாத வகையில் சாகத் தொடங்குகிறது. உறையை நீளக் கீறித் திறந்துவிடுவதே சிகிச்சை. மாவுக்கட்டு போட்ட இரவில் வலியால் அலறுபவரைப் ‘பொறுத்துக்கொள், காலையில் டாக்டர் வருவார்’ என்று தேற்றுவது, நல்லெண்ணத்தால் காலை இழக்க வைக்கும் செயல். பொறுமையைப் பாராட்டும் நம் வழக்கம் இங்கே துளியும் உதவாது.

மோட்டார் சைக்கிள் விபத்துகளில் கணைக்கால் எலும்புக்கு அடி விழுவது மிகவும் வழக்கம். அந்த எலும்பின் முன்பக்கம் தோலுக்கு நேர் கீழே இருக்கிறது. தடவினாலே கைக்குத் தட்டுப்படும். முறிந்தால் எளிதில் தோலைக் கிழித்து வெளியே வந்து, சாலையின் மண்ணும் எண்ணெயும் உள்ளே போய்விடுகின்றன. கிருமிக்கொல்லி மருந்தை எவ்வளவு விரைவில் தொடங்குகிறார்கள் என்பதும், செத்த திசுவை எவ்வளவு முழுமையாக வெட்டி அகற்றுகிறார்கள் என்பதும் இங்கே பெரிதும் எண்ணத்தக்கவை. போதாக்குறைக்கு, அந்த எலும்பின் கீழ்ப்பகுதிக்கு ரத்த ஓட்டமும் குறைவு. சேர்வதற்கு நான்கு முதல் ஆறு மாதம் ஆவது இயல்பு, அதைத் தாண்டுவதும் புதுமையல்ல.

எலும்பு கூடுவதைப் பசை காய்வதுபோல் நினைத்துக்கொள்வதால்தான் பல தவறுகள் நேர்கின்றன. முறிந்த இடத்தில் முதலில் ரத்தக்கட்டு உருவாகிறது. சில வாரங்களில் அது குருத்தெலும்பு போன்ற மென்மையான இணைப்பாகிறது. பிறகு சுண்ணாம்புச் சத்து ஏறி இறுகுகிறது. அதன்பின் ஓராண்டுக்கு மேலும் உடல் அதைச் செதுக்கிச் செதுக்கிப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவருகிறது. புகைப்பவருக்கு இது தாமதமாகும், சிலருக்குக் கூடாமலே போகும். முறிவுக்குப் பின் மருத்துவர் புகையைப் பற்றிக் கேட்பது ஒழுக்கப் பாடம் நடத்துவதற்காக அல்ல. 1940இல் கெர்ஹார்ட் குன்ட்ஷர் என்ற ஜெர்மன் மருத்துவர் எலும்பின் உள்குழாய்க்குள் நீண்ட உலோக ஆணியைச் செலுத்தும் முறையை அறிவித்தார். இன்று ‘காலில் ராடு வைத்திருக்கிறது’ என்று சொல்கிறோமே, அதன் முன்னோடி அதுதான். மாதக்கணக்கில் படுக்கையில் கட்டிப்போடாமல் நோயாளியை விரைவில் எழுப்பி நடக்க வைத்தது அந்த முறை. ஆனால் ராடோ தகடோ எலும்பைக் கூட்டி வைப்பதில்லை; கூடும்வரை பிடித்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவே. ஒரு கம்பியை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் ஒடிவதுபோல, எலும்பு சுமையை ஏற்காதவரை ஒவ்வொரு அசைவிலும் உலோகம் சிறிது சிறிதாகக் களைக்கிறது. எலும்பு முந்துகிறதா உலோகம் முந்துகிறதா என்பதே கேள்வி. மார்க்கேஸின் தகடு ஜன்னல் கதவிடம் தோற்றது என்று வேடிக்கையாகச் சொன்னாலும், சில நாள் முன்பு பந்தய வண்டியில் ஏறி அதைப் படுத்தியது அந்தக் கதவைவிடப் பெரிய காரணமாக இருந்திருக்கும்.

எலும்புக்குப் பொறுத்திருக்க வேண்டும் என்பதற்காக உடல் முழுவதும் சும்மா கிடக்கலாகாது. அசையாத தொடைத்தசை இரண்டே வாரத்தில் கண்ணுக்குத் தெரியும்படி இளைத்துவிடும், முழங்கால் இறுகிவிடும், காலின் ரத்தக்குழாயில் கட்டி உருவாகி நுரையீரலுக்குப் போகும் அபாயமும் இருக்கிறது. எந்த மூட்டை அசைக்கலாம், எவ்வளவு எடையை ஊன்றலாம் என்று சொல்லும் பிசியோதெரபிஸ்ட்டின் அளவுகளை வீரத்தால் மீறவும் கூடாது, பயத்தால் குறைக்கவும் கூடாது.

நரம்பின் கடிகாரம் எல்லாவற்றிலும் குழப்பமானது. இங்கேதான் பொறுமை ஒரு கையையே பறித்துவிடுகிறது. வண்டியிலிருந்து எறியப்பட்டவர் தோளில் விழும்போது, தலை ஒரு பக்கமும் தோள் மறுபக்கமும் இழுபட்டு, கழுத்திலிருந்து கைக்கு இறங்கும் நரம்புப் பின்னல் நீண்டு கிழிகிறது, சிலசமயம் முதுகுத் தண்டுவடத்திலிருந்தே பிய்ந்து வருகிறது. பெரியவர்களுக்கு ஏற்படும் இத்தகைய காயங்களில் பெரும்பங்கு மோட்டார் சைக்கிள் விபத்துகளால் வருவதே. காயத்தில் எலும்பும் முறிந்திருந்தால் எல்லோர் கவனமும் அதன்மேல் இருக்கும். தொங்கும் கையைப் பற்றி ‘அடிபட்ட மரப்பு, வந்துவிடும்’ என்பார்கள். சிலருக்கு வந்தும் விடுகிறது. வராதவர்களுக்குக் கணக்கு இப்படி இருக்கிறது: அறுந்த நரம்பு நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வளரும், கழுத்திலிருந்து உள்ளங்கைக்குத் தூரம் எழுபது சென்டிமீட்டர் என்றால், அங்கே போய்ச்சேர ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆகும். நரம்பின் தொடர்பு இழந்த தசையோ ஒன்று, ஒன்றரை ஆண்டில் மீண்டும் இணைய முடியாதபடி மாறிவிடுகிறது. ஆகவே மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் தேர்ந்த மருத்துவர் முடிவெடுத்தாக வேண்டும். 1994இல் பிரெஞ்சு மருத்துவர் கிறிஸ்டோஃப் ஓபர்லின் விவரித்த முறை இந்தக் கணக்கைச் சாமர்த்தியமாகச் சுற்றிவருகிறது: நல்ல நிலையில் இருக்கும் வேறொரு கை நரம்பிலிருந்து ஓர் இழையைப் பிரித்து, முழங்கையை மடக்கும் தசைக்கு வெகு அருகில் இணைத்துவிடுகிறார்கள். வளர வேண்டிய தூரம் சில சென்டிமீட்டராகச் சுருங்குகிறது. தசை சாவதற்குள் நரம்பு போய்ச்சேர்கிறது. ஓராண்டு காத்திருந்துவிட்டு வருபவருக்கு இந்த வாய்ப்பு பெரும்பாலும் கைநழுவிப் போயிருக்கும்.

ஸ்கேனில் எதுவும் தெரியாத தலைக்காயம் வீட்டாரைத்தான் அதிகம் வருத்துகிறது. வெளிச்சம் கூசுகிறது, சிறு சத்தத்துக்கும் எரிச்சல் வருகிறது, ஒரு பக்கம் படிப்பதற்குள் களைத்துப்போகிறது, முன்பு அமைதியாக இருந்தவர் சீறுகிறார். மூளையின் வேலைத்திறன் தற்காலிகமாகக் குறைந்திருப்பதன் விளைவு இது. பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தணியும். இருட்டறையில் நாட்கணக்கில் முடங்கிக் கிடப்பது உதவாது என்பது இப்போதைய மருத்துவக் கருத்து. ஓரிரு நாள் ஓய்வுக்குப் பின், அறிகுறி கூடாத அளவுக்குப் படிப்படியாக வேலையைக் கூட்ட வேண்டும். விபத்துக் கணம் நினைவில் இல்லாததைக் குறித்தும் பலர் தவிக்கிறார்கள். மனம் அதை ஒளித்து வைத்திருப்பதாக நினைக்க வேண்டியதில்லை. அடிபட்ட மூளை அந்தக் கணத்தைப் பதிவு செய்யவேயில்லை என்பதே பெரும்பாலும் உண்மை.

நினைவிருப்பவர்களை வேறொன்று வாட்டுகிறது: நான் சற்று முன்னே பிரேக் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஹாரி ஹர்ட் தலைமையில் லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நடந்த இடத்துக்கே சென்று ஆராய்ந்து 1981இல் வெளியான அறிக்கை இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறது. பொதுவான ஒரு விபத்தில், ஆபத்தை உணர்ந்ததிலிருந்து மோதல் வரை ஓட்டுபவருக்குக் கிடைத்த நேரம் இரண்டு விநாடிக்கும் குறைவு. வேறொரு வாகனம் சம்பந்தப்பட்ட மோதல்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கில், வழிவிட வேண்டிய மற்ற ஓட்டுநரே விடாமல் குறுக்கே வந்திருந்தார். குற்ற உணர்வு புள்ளிவிவரத்தால் கரைந்துவிடாது என்றாலும், அந்த இரண்டு விநாடியை ஆயிரம் முறை ஓட்டிப் பார்ப்பவருக்கு இதைச் சொல்லலாம்.

கெட்ட கனவும், ஹாரன் ஒலிக்குத் திடுக்கிடுவதும் முதல் சில வாரங்களில் இயல்பு. ஒரு மாதத்தைத் தாண்டியும் விபத்துக் காட்சி தானே வந்து மோதுவதும், அந்தச் சாலையையே தவிர்ப்பதும், உறக்கம் கெடுவதும் தொடர்ந்தால் அது சிகிச்சை தேவைப்படும் நிலை. அதற்கென வகுக்கப்பட்ட பேச்சுச் சிகிச்சைகள் நல்ல பலன் தருகின்றன. அதே சமயம், விபத்து நடந்த உடனே ஆளை உட்கார வைத்து எல்லாவற்றையும் ஒரே அமர்வில் விவரிக்கச் சொல்வது பின்னாளைய பாதிப்பைத் தடுக்கவில்லை என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. பேச விரும்பினால் கேட்பதும், விரும்பாவிட்டால் விட்டுவிடுவதும் போதும்.

மறுபடி ஓட்டுவதா என்ற கேள்விக்கு, இனி ஓட்டவில்லை என்பதும் ஒரு நியாயமான பதில். அதைக் கோழைத்தனம் என்பவர்கள் பெரும்பாலும் விழாதவர்கள். ஓட்ட விரும்புபவர் கேட்டுக்கொள்ள வேண்டியது துணிச்சலைப் பற்றிய கேள்வி அல்ல. திடீரென்று பிரேக்கை முழு வலுவோடு அழுத்த வலது காலும் வலது கையும் இடம் கொடுக்கின்றனவா, கழுத்தைத் திருப்பித் தோளுக்குப் பின்னால் பார்க்க முடிகிறதா, வண்டி சாயும்போது இரண்டு கால்களில் எந்தக் காலும் அதைத் தாங்குமா, மயக்கம் தரும் வலி மாத்திரைகளை நிறுத்தியாகிவிட்டதா என்பவைதான் அவர் பார்க்க வேண்டியவை.

மார்க்கேஸ் 2025இல் மீண்டும் உலகப் பட்டம் வென்றார். ஹெரெஸில் விழுந்ததிலிருந்து அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. பந்தயம் ஓட்டாத மற்றவர்களுக்கும் கணக்கு அடிக்கடி இப்படி நீள்வதுண்டு: எலும்பு கூடி, நடை திரும்பி, எல்லாம் முடிந்தது என்று நினைத்த ஒன்றரை, இரண்டு ஆண்டுக்குப் பின், உறுத்தும் தகட்டை எடுத்துவிடலாமா என்ற பேச்சு வருகிறது. எடுத்துவிட்டால் திருகாணிகள் இருந்த துளைகள் எலும்பில் அப்படியே இருக்கும். அவை நிரம்பச் சில மாதங்கள் ஆகும். அதுவரை, அந்த எலும்பு துளையிட்ட குச்சியைப்போல, சிறு விழுதலுக்கும் அந்தத் துளைகளின் வழியாகவே முறியக்கூடியதாக இருக்கிறது.